கண்ணீர் மச்சம்

அத்தியாயம் 14

சனிக்கிழமைகளில் சியோல் நகரத்தில் சூரியனுக்கு முன்னால் எழுந்துகொள்வது சொங்தாம் பகுதியின் மேக்கப் கடைகள்தான். கல்யாணப் பெண்கள் தூக்கக் கலக்கத்தோடு, கழுவின முகத்தோடு, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வரும்போது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நம் கதையில் இது சும்மா பேச்சுக்குச் சொல்வது அல்ல.

இன்று கொதோனேக்கும் ஹன்சோலுக்கும் கல்யாணம். பெண் ஜப்பான், மாப்பிள்ளை கொரியா. சண்டை மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொதோனேயின் இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம். மாப்பிள்ளையின் அம்மா மிரான் நாள் குறிக்க ஜோசியரிடம் போயிருந்தாள். பெண்ணின் போட்டோவைப் பார்த்த அவர் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்து, இது கண்ணீர் மச்சம், இது இருக்கிறவள் புருஷனுக்காக அழுவாள் என்று சொல்லிவிட்டார். ஒரே மகனைப் பெற்றவள் அதற்குப் பிறகு எப்படிச் சும்மா இருப்பாள்? விலா எலும்புக் கறியைப் பரிமாறிக்கொண்டே, எங்கள் தெரு முனை டாக்டர் ஒரு நொடியில் எடுத்துவிடுவார், கல்யாணப் பரிசாக அது என் செலவு என்றாள். ஃபுகுவோகாவிலிருந்து வந்திருந்த பெண்ணின் அம்மா ஹிசாயே சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். மச்சத்தோடுதான் பெற்றேன், மச்சத்தோடுதான் கொடுப்பேன் என்றாள்.

கொதோனே மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை இரண்டு அம்மாக்களும் தங்கள் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள்.

நேற்று சாயந்திரம், ஊருக்குப் போய்க் கல்யாணத்துக்குத் திரும்பி வந்த அம்மாவை அழைக்க விமான நிலையத்துக்கு வந்த கொதோனே, பெரிய கண்ணாடியும் அது வரைக்கும் ஏற்றிவிட்ட முகக்கவசமுமாக நின்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். கல்யாண அலைச்சல், பாவம் என்று ஹிசாயே நினைத்துக்கொண்டாள். அம்மாவை ஓட்டலில் இறக்கிவிட்டு, அவள் அறைக்குள்கூட வராமல் போய்விட்டாள்.

இப்போது காலை. ஹிசாயே மேக்கப் கடைக்கு வந்து சேர்ந்தபோது, வாசலில் இருந்த பெண் அவளைப் பார்த்துத் திகைத்தாள். ஏனென்றால் ஹிசாயே முழு மேக்கப்பில் வந்திருந்தாள்.

அடி ஓரத்தில் மட்டும் பொன் கொக்குகள் பறக்கும் கறுப்புக் கிமோனோ. படிய வாரிய கொண்டை. முகத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாத ஃபவுண்டேஷன், அளவாக லிப்ஸ்டிக், கன்னத்தில் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு சிவப்பு. மேக்கப் போட்டுக்கொள்ளும் கடைக்கு மேக்கப் போட்டுக்கொண்டு வந்தவள் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஃபுகுவோகாவில் ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில், அழகுசாதனப் பொருள்கள் விற்கும் இடத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே நின்று வேலை பார்ப்பவள். வெறும் முகத்தோடு வீட்டு வாசலைத் தாண்டுவது, அவளைப் பொறுத்தவரை, உள்பாவாடையோடு தெருவுக்கு வருவதற்குச் சமம். அவள் ஊரில் அதற்கு அழகு என்று பெயர் இல்லை, மரியாதை என்று பெயர்.

பின்னாலேயே மிரான் வந்தாள். தலையில் சுருட்டைக்கான ரோலர்கள் அப்படியே தொங்கின. காலில் வீட்டுச் செருப்பு. முகத்தில், தோல் மின்ன இரவு ஒட்டிக்கொண்டு படுத்த ஈரத்தாளின் பளபளப்பைத் தவிர ஒன்றுமில்லை. மிரான் என்று யாரோ கூப்பிட்டால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மியொங்தொங்கில் க்ரீம் கடை நடத்தினவள் அவள். வாடிக்கையாளர்களில் பாதி ஜப்பானியப் பெண்கள். அதனால் ஜப்பானிய மொழியைத் தண்ணீராகப் பேசுவாள். மரியாதைச் சொற்களை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டாள்.

"என்ன சம்பந்தியம்மா, மொகம் இப்படி வாடிக் கெடக்கு? ராத்திரி தூங்கலையா? கண்ணுக்குக் கீழ பை தொங்குதே."

மிரானின் தெருவில் இது அக்கறை. ஒருத்தியைப் பார்த்ததும் இளைத்துவிட்டாய், கறுத்துவிட்டாய், பரு வந்திருக்கிறது என்று சொல்லாவிட்டால்தான் அவளை மதிக்கவில்லை என்று அர்த்தம். ஹிசாயேயின் ஊரில் இதைவிடச் சின்ன வார்த்தைக்கு ஜன்ம விரோதிகள் ஆனவர்கள் இருக்கிறார்கள்.

ஹிசாயே சிரித்தாள். கடையில் சிரிக்கிற சிரிப்பு.

"உங்க தைரியம் யாருக்கு வரும் சம்பந்தியம்மா? மூஞ்சி கழுவின கையோட தெருவுல எறங்கி நடந்து வந்துட்டீங்க. எனக்குப் பொறாமையா இருக்கு."

"ஜப்பான்காரங்க சிரிச்சுக்கிட்டே பொறாமைன்னு சொன்னா, ரெண்டு அடி தள்ளி நிக்கணும்னு எனக்குத் தெரியும். நானும் உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் க்ரீம் வித்தேன்" என்றாள் மிரான்.

ஒப்பனைக்காரி வந்து ஹிசாயேயின் முகத்தைத் துடைக்கப் பஞ்சை எடுத்தாள். ஹிசாயே ஒரு அடி பின்வாங்கினாள். வேண்டாம், என்னுடையது போதும் என்றாள். சம்பந்திகள் இருவருக்கும் ஒரே கையால் மேக்கப் போடுவதுதான் இங்கே வழக்கம், போட்டோவில் ஒரே மாதிரி வரும் என்று மிரான் சொல்லிப் பார்த்தாள். ஹிசாயே அசையவில்லை. காலமெல்லாம் அடுத்தவர் முகத்தைத் துடைத்தவள், தன் முகத்தை ஒரு மனிதர் எதிரில் துடைக்க விடமாட்டேன் என்றாள்.

"டாக்டர்கிட்ட போயி நாக்கை நீட்ட மாட்டேன்னா எப்படி?" என்று மிரான் முணுமுணுத்துவிட்டு, தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, துளிக் கூச்சமில்லாமல் முகத்தை நீட்டினாள். எந்தச் சுருக்கத்துக்கு எந்த டாக்டரிடம் ஊசி போட்டாள் என்பதையும் ஒப்பனைக்காரியிடம் உரக்கச் சொன்னாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் அம்மா அந்த டாக்டர் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு ஊரிலும் குடியிருந்தவள் நான். ஒரு ஊரில் என் முகத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், இன்னொரு ஊரில் ஒருவரும் பேசவில்லை. இரண்டு ஊரிலும் கண்ணாடி முன்னால் நின்ற நேரம் ஒன்றுதான்.

உள் அறையில் கொதோனேயின் முகம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கல்யாணப் பெண்கள் முன்னதாகவே வந்துவிடுவார்கள். அதனால் அன்றைய வெறும் முகத்தை ஹிசாயே பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகம் ஈரம் காயாத பீங்கான் போல மின்னியது. புருவம் வளைவில்லாமல் நேராக ஓடியது. உதட்டின் நடுவில் மட்டும் சிவப்பு, ஓரத்தில் கரைந்து போயிருந்தது. கன்னத்தில் நிறமே இல்லை.

எண்ணெய் வழிகிற மாதிரி இருக்கிறதே, கொஞ்சம் பவுடர் ஒற்றக்கூடாதா, கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் ரத்த ஓட்டம் இருப்பது தெரிய வேண்டாமா என்று ஹிசாயே கேட்டாள். உங்கள் ஊர் மாதிரி கண்ணுக்குக் கீழே சிவப்பை அப்பினால் காய்ச்சல் வந்த குழந்தை மாதிரி இருக்கும், இங்கே தோல் மின்னவில்லை என்றால் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள் என்றாள் மிரான். இப்படியே புருவத்துக்கு ஒரு சுற்று, இமை மயிருக்கு ஒரு சுற்று. நடுவில் உட்கார்ந்திருந்த கொதோனே யாருடைய முகத்தைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல இருந்தாள்.

அப்போதுதான் ஹிசாயே பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே மச்சம் இல்லை.

"மூடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் மிரான். "நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டேன். எடுக்கத்தான் விடலை. இன்னிக்கு ஒரு நாளாவது மேல பூசி மறைக்கக் கூடாதா? எங்க வீட்டு ஜனம் எல்லாம் வருது. வந்ததும் மொதல்ல அதைத்தான் பாக்கும்."

அதை எடுங்கள் என்று ஹிசாயே ஒப்பனைக்காரியிடம் ஜப்பானிய மொழியில் சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் விரல் காட்டிய இடம் புரிந்திருக்கும். ஒப்பனைக்காரி கண்ணாடியில் கொதோனேயைப் பார்த்தாள். கொதோனே லேசாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்பதுபோல. ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டவர்களின் பார்வை அது என்பதை அம்மாக்கள் இருவருமே கவனிக்கவில்லை.

"அம்மா, நேரமாச்சு. விடு."

ஹிசாயே விட்டாள். விட்டாள் என்றால் வாயை மூடிக்கொண்டாள். பெண்ணின் முகத்தில் தன்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான், அதையும் இந்தச் செருப்புக்காலி ஒரு விரல் மேக்கப்பில் மூடிவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது.

கல்யாண மண்டப வாசலில் அடுத்தது காத்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஸ்டுடியோவில் எடுத்த படங்கள் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு, பூக்களுக்கு நடுவில் நின்றன. படத்தில் மாப்பிள்ளை ஹன்சோல் இருந்தான். பக்கத்தில் இருந்தவள் யார் என்று ஹிசாயேக்கு ஒரு கணம் விளங்கவில்லை. தாடை எலுமிச்சை விதை மாதிரி கூர்ந்திருந்தது. கழுத்து நீண்டிருந்தது. சிரித்தால் எட்டிப் பார்க்கும் தெத்துப்பல், கொதோனே குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா விரலால் தொட்டுத் தொட்டுச் சிரித்த பல், மற்ற பற்களோடு சேர்ந்து ஒழுங்காக வரிசையில் நின்றது. மச்சம் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

வந்த உறவுக்காரர்கள் பொம்மை மாதிரி இருக்கிறாள் என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஹிசாயேக்கும் அதே வார்த்தைதான் தோன்றியது, வேறு அர்த்தத்தில்.

வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த ஹன்சோல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். ஃபுகுவோகாவில் படித்தவன், அங்கேதான் கொதோனேயைக் கண்டான். பையன் நல்லவன். அம்மாவுக்கு எதிரில் மட்டும் முதுகெலும்பு கொஞ்சம் வளையும்.

"அத்தை, படத்தைத் திருத்தி அனுப்பினது அம்மா. சத்தியமா எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். நேத்தே பாத்திருந்தா மாட்ட விட்டிருக்க மாட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "படம் கெடக்கு அத்தை. நேர்ல இருக்கு இல்ல? நான் மொதமொதல்ல அவகிட்ட பாத்ததே அந்த மச்சத்தைத்தான். ரயில்ல எதிர்ல உக்காந்திருந்தா. அன்னிக்கு மழையில மேக்கப் எல்லாம் கலைஞ்சு போயிருந்துச்சு."

"நேர்லயும் மூடி வெச்சிருக்காங்க மாப்பிள்ளை" என்றாள் ஹிசாயே.

ஹன்சோலின் முகம் சுருங்கியது. அம்மா வேலையா என்று மட்டும் கேட்டான். பதில் வருவதற்குள் யாரோ ஒரு பெரியப்பா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹிசாயேக்கு அது போதுமாக இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவனே கேட்டுவிட்டான். இனி எவள் தடுப்பாள்?

மணப்பெண்ணை உட்கார வைத்திருக்கும் அறைக்கு விறுவிறுவென்று நடந்தாள். வெள்ளைச் சோபாவில், பூங்கொத்தும் கையுமாக, கடை ஜன்னலில் வைத்த சாமான் மாதிரி கொதோனே உட்கார்ந்திருந்தாள். தோழிகள் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹிசாயே அவர்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். ஒரு தடவை, இன்னும் தாழ்வாக இன்னொரு தடவை. அதற்கு மேல் அங்கே நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. கவுனின் வாலைப் பார்த்துக்கொள்ளும் நடுவயதுப் பெண் மட்டும் மிச்சம் இருந்தாள். அவளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது.

ஹிசாயேயின் கைப்பையில் பஞ்சும் மேக்கப் துடைக்கும் திரவமும் இல்லாத நாள் கிடையாது. எடுத்தாள்.

"அம்மா, வேணாம்."

"அசையாதே. அந்த எடத்தை மட்டும்தான் தொடைக்கிறேன். மத்தது கலையாது. மாப்பிள்ளையே கேட்டுட்டாரு."

கொதோனே அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்னா வேணாம்மா."

ஆனால் அது தொழில் பழகிய கை. மறு கைக்குப் பஞ்சு மாறியதும் கன்னத்தில் பட்டதும் ஒரே நேரத்தில் நடந்தது. நிறம் வழிந்து பஞ்சில் வந்தது. அடியில் மச்சம் தெரியவில்லை. மெல்லிய ஒரு பிளாஸ்டர் தெரிந்தது, தோல் நிறத்தில், ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு.

ஹிசாயே நகத்தால் அதன் ஓரத்தைத் தூக்கினாள். இளஞ்சிவப்பாக ஒரு சின்னக் குழி. புதுத்தோல் இன்னும் முழுசாக மூடாத புண்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மச்சம் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்பதுபோல விரலால் தேடினாள். பிறகு புரிந்தது.

அதே நேரம் கதவைத் திறந்துகொண்டு மிரான் வந்தாள், நீல ஹன்போக் பாவாடை சரசரக்க. அம்மாக்கள் மெழுகுவத்தி ஏற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொல்ல வந்தவள்.

"நெனச்சதைச் சாதிச்சுட்டீங்க" என்றாள் ஹிசாயே, திரும்பாமலே.

மிரான் கிட்டே வந்து பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"நான் இல்லை சம்பந்தியம்மா. எம் புள்ளை மேல ஆணை. மறைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். நீங்க சண்டை போட்ட அன்னிக்கே அந்த டாக்டர் பேச்சை நான் விட்டுட்டேன்."

அவள் சொன்னது உண்மை. கூடவே அவள் முகத்தில் ஒரு நிம்மதியும் ஏறிக்கொண்டிருந்தது. பெரும் பாரம் இறங்கின நிம்மதி. அதை மறைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த ஹிசாயேக்கு அவளை அங்கேயே அறைய வேண்டும்போல இருந்தது.

"நானாத்தான் போனேன். யாரும் கூட்டிட்டுப் போகலை" என்றாள் கொதோனே.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ என்கிட்ட சொன்னியாம்மா?" கொதோனேயின் குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடம் முடிஞ்ச மறுநாள் காலையில என் மேஜை மேல ஒரு கன்சீலர் இருந்துச்சு. என் தோல் நிறத்துக்கு அச்சா பொருந்துற மாதிரி. நீதான் வெச்சே. எதுக்குன்னு நானும் கேக்கலை, நீயும் சொல்லலை. அன்னிலேர்ந்து தெனமும் பூசினேன். ஹன்சோல் அது அழகா இருக்குன்னு சொன்னப்புறம்தான் விட்டேன். அத்தை என் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னாங்க. நீ வாயே திறக்காம சொன்னே. எது கொடுமைன்னு எனக்கு இன்னும் தெரியலை."

ஹிசாயே பஞ்சில் ஒட்டியிருந்த நிறத்தைப் பார்த்தாள். பேசியபோது வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"மறைக்கிறது வேற, எடுக்கிறது வேற. மறைச்சா அது நம்மகிட்டதான் இருக்கு. ராத்திரி மூஞ்சி கழுவினா திரும்ப வந்துடும். எனக்கும் அதே எடத்துல இருக்கு, உனக்குத் தெரியும். நான் எத்தனை வருஷமா மூடியிருக்கேன். ஒரு நாளாவது எடுக்கணும்னு நெனச்சிருப்பேனா?"

மிரான் சட்டென்று ஹிசாயேயின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் தெரியவில்லை. சுத்தமான, மங்கலான, மரியாதையான ஃபவுண்டேஷன்.

"உங்களுக்குமா?" என்றாள். கொதோனே பள்ளியில் படிக்கும்போதே ஹிசாயேயின் கணவர் இறந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அப்ப உங்க வீட்டுக்காரர்..."

"அதைத்தான் நானும் நெனச்சேன் அத்தை" என்றாள் கொதோனே.

கவுனை நீவிக்கொண்டிருந்த பெண்கூட, மொழி புரியாமலே, கையை எடுத்துக்கொண்டாள்.

கொதோனே அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. மேக்கப் கலையக்கூடாது என்று தலையைச் சற்று நிமிர்த்தியே பேசினாள்.

"அப்பா உன் மச்சத்தைப் பாத்திருக்கவே மாட்டார். ஆஸ்பத்திரியில கடைசி நாள்லகூட நீ பவுடர் போட்டுக்கிட்டுத்தான் வந்தே. அவர் பாக்கலை. ஆனா அது இருந்துச்சு. ஜோசியர் சொன்னது பொய்யாவே இருக்கட்டும்மா. உன் கன்னத்துல மச்சம் இருக்கு, அப்பா இல்லை. அதை வெச்சுக்கிட்டு என்னால ஹன்சோல் பக்கத்துல நிம்மதியாத் தூங்க முடியலை. அதான் எடுத்துட்டேன்."

இப்படி ஒரு வார்த்தையைப் பெற்ற பெண்ணிடமிருந்து வாங்க எந்தத் தாய்க்கும் பலம் கிடையாது. ஹிசாயேக்கும் இல்லை. ஆனால் அவள் அழவில்லை.

கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டரை ஓரம் தெரியாமல் திரும்ப ஒட்டினாள். மேலே ஒரு பூச்சு, விரல் நுனியால் தட்டித் தட்டி ஒரு கரைப்பு. அந்த ஊர் முகத்தின் பளபளப்புக்கு ஏற்றபடி கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒற்றினாள். காலை மேக்கப்பைவிட அது சுத்தமாக வந்தது. அவ்வளவு நேரமும் பெண்ணின் கண்ணைப் பார்க்கவே இல்லை.

பிறகு பஞ்சின் மறுபக்கத்தைத் திருப்பி, கண்ணாடிகூடப் பார்க்காமல், தன் இடது கண்ணுக்குக் கீழே அழுத்தித் துடைத்தாள்.

மச்சம் தெரிந்தது. பெண்ணுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் பெரியது, கறுத்தது. சுற்றி இருந்த தோல் வெளிச்சம் படாத தோலாக வெளுத்திருந்தது. எதிரில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். இன்னொருத்தி குளியலறைக்கு வெளியே முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

"சம்பந்தியம்மா." மிரானின் குரலில் இப்போது அதிகாரம் இல்லை, பயம் இருந்தது. "கல்யாண மேடை. அதை மூடிக்கிட்டு வாங்க. கும்புட்டுக் கேக்குறேன். எம் புள்ளை உசுரு."

"மூடமாட்டேன்" என்றாள் ஹிசாயே. "இத்தனை வருஷம் மூடினேன். யாரைக் காப்பாத்துச்சு?"

கதவு திறந்தது. பியானோ ஆரம்பித்துவிட்டது.

சம்பந்திகள் இருவரும் கை கோத்துக்கொண்டு நடுப்பாதையில் நடந்து போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். அதுதான் முறை. கோத்துக்கொண்டார்கள். நீல ஹன்போக்கும் கறுப்புக் கிமோனோவும் சேர்ந்து வருவதைப் பார்த்து இரண்டு நாட்டு உறவினர்களும் உருகிக் கைதட்டினார்கள். பக்கத்தில் திரும்பாமல் இருக்க மிரான் படும் பாடு அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது.

நீல மெழுகுவத்தி மாப்பிள்ளை வீட்டுக்கு. மிரான் சுடரை நீட்டினாள். கை நடுங்கியதில் திரி பற்றவில்லை. மறுபடி நீட்டினாள், மறுபடியும் பற்றவில்லை. சபையில் சின்னச் சலசலப்பு. ஹிசாயே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். உதவி செய்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விரல்கள் பதியும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, சுடரைத் திரிக்குக் கொண்டுபோனாள். பற்றிக்கொண்டது.

பிறகு இருவரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வணங்க வேண்டும். குனிந்து நிமிர்ந்தபோது ஹிசாயேயின் முகம் மிரானின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க" என்று மெல்லச் சொன்னாள். "இது எங்க வீட்டுது. உங்க வீட்டுக்கு வராது. வரவேண்டியதை வெட்டிப் போட்டாச்சு."

வாழ்க்கையில் மிரான் பதில் சொல்லாத முதல் சண்டை இதுவாகத்தான் இருக்கும்.

இருவரும் முன்வரிசையில், பாதைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று உட்கார்ந்தார்கள். பின்பக்கக் கதவு திறந்தது. கைபிடித்துக் கூட்டி வர அப்பா இல்லாததால் கொதோனே தனியாக நடந்து வந்தாள். தலை நிமிர்ந்து, அழகாக, பீங்கான் மாதிரி மின்னிக்கொண்டு வந்தாள். ஹிசாயே பார்த்தாள். தன் பெண் அழகாகத்தான் இருந்தாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஹன்சோல் மேடையிலிருந்து இறங்கிப் பாதி வழியில் போய் அவள் கையைப் பிடித்தான். உறுதிமொழியை மாப்பிள்ளையே வாசிப்பதால் மற்ற கையில் மைக் இருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தான். அத்தை வாசலில் சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும். குறும்பாக, யாருக்கும் தெரியாமல் செய்கிற தைரியத்தில், மேக்கப்புக்கு அடியில் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, மைக் பிடித்த கையின் சுண்டுவிரலால் அவள் இடது கன்னத்தை மெல்லத் தொட்டான்.

விரலுக்குப் பிளாஸ்டரின் ஓரம் தட்டுப்பட்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. இன்னும் கிட்டே குனிந்து பார்த்தான். கொதோனே கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது எங்க போச்சு?"

அவளுக்கு மட்டும் கேட்கும்படி, அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் ஜப்பானிய மொழியில்தான் கேட்டான். ஆனால் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கேள்வி மண்டபத்தின் எல்லா ஒலிபெருக்கியிலிருந்தும் வந்தது. யாரோ எதையோ தொலைத்துவிட்டார்கள்போல என்று மொழி தெரிந்த விருந்தினர்கள் சிரித்தார்கள்.

ஹன்சோல் முன்வரிசைப் பக்கம் திரும்பினான். முதலில் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு ஹிசாயேயின் முகத்தைப் பார்த்தான், அதிலேயே நின்றான். அவன் தேடியது அங்கே இருந்தது.

அந்தக் கூட்டத்தில் கேள்வி எதைப் பற்றி என்று புரிந்தது மூன்று பெண்களுக்கு மட்டும்தான். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹிசாயே குனியவில்லை.